மீன்தொட்டிக்குள் எதை இடலாம், எதை இடலாகாது



நெற்செய்கையும் தோட்டச் செய்கையுமே தொழிலாகக் கொண்ட உங்களிடம் மீன்தொட்டி அலங்காரத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இன்று கமக்காரர் வீடுகள் பலவற்றில் முற்றத்திலே ஒரு சீமெந்துத் தொட்டியோ, விறாந்தையிலே ஒரு கண்ணாடித் தொட்டியோ இருப்பதைக் காண்கிறோம். சிலர் பிள்ளைகளின் விருப்பத்திற்காக நாலைந்து மீன்களை வளர்க்கின்றனர். வேறு சிலர் கப்பி, வாள்வால் மீன், தங்கமீன் முதலியவற்றைப் பெருக்கி விற்று, அறுவடைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்திற் கைச்செலவுக்கு வழி தேடுகின்றனர். இலங்கையின் அலங்கார மீன்கள் பிற நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதால் இது சிறிதாயினும் மதிக்கத்தக்க ஓர் உபதொழிலாகும்.

இத்தொழிலில் இறங்குவோர் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. "நல்ல மீன் வாங்கினோம், நல்ல கிணற்று நீர் விட்டோம், வேளைக்கு இரை போட்டோம், ஆயினும் ஒரு கிழமைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்தன" என்பர். மீன் விற்றவரையோ கிணற்றையோ குறைகூறுவதற்கு முன்னர், தொட்டிக்குள் அழகுக்காக இட்ட பொருள்களை ஒருமுறை நோக்குதல் வேண்டும். சாயம் பூசிய பொம்மை, கடற்கரையிற் பொறுக்கிய சிப்பி, செடியைக் கட்டிவைத்த செப்புக்கம்பி ஆகியவற்றுள் ஒன்று அங்கே கிடந்து வேலை செய்துகொண்டிருக்கக் கூடும்.

இதன் காரணத்தை உங்களுக்கு விளக்குவது எளிது. வயலுக்கு வாய்க்காலும் உண்டு, வடிகாலும் உண்டு. வேண்டாத உப்பு சேர்ந்தால் நீரைப் பாய்ச்சி வடித்துவிடலாம். மழையும் உதவுகிறது. மீன்தொட்டிக்கோ வடிகால் இல்லை. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டியை விளிம்பிலிருந்து இரண்டங்குலம் குறைய நிரப்பினால், அது கொள்ளும் நீர் ஏறக்குறைய 47 லீற்றர் மட்டுமே. அந்த நீரிலேயே மீன் உண்கிறது, அதிலேயே கழிக்கிறது, அதையே பூக்களால் இழுத்து மூச்சுவிடுகிறது. அதற்குள் ஒரு பொருள் கரைந்தால் மீனுக்குத் தப்பியோட இடமில்லை. ஆகவே தொட்டிக்குள் இடும் அலங்காரப் பொருளை வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தைப்போற் கருதாது, வயலுக்கு இடும் உரத்தைப்போலவும் மருந்தைப்போலவும் கருதித் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

எப்பொருளைக் கையிலெடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது நீரிற் கரையுமா? இது மீனைக் கீறுமா அல்லது சிக்கவைக்குமா? இது முன்னர் எங்கே கிடந்தது? இது உயிருள்ளதாயின் பின்னர் எங்கே போய்ச் சேரும்? இந்நான்கையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, கரைவது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் எளிதிற் கிடைப்பவை, பார்ப்பதற்கும் அழகானவை. இவையும் சிப்பி, சங்கு முதலியனவும் பெரும்பாலும் கல்சியங்காபனேற்றால் ஆனவை. நீரிற் கிடக்கக் கிடக்க இவை சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் வன்மையையும் காரத்தன்மையையும் கூட்டும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடாக வருவதால் இயல்பாகவே வன்னீர். அதற்குள் மேலும் சுண்ணாம்பு வேண்டியதில்லை. கப்பியும் வாள்வால் மீனும் வன்னீரை ஓரளவு விரும்புவன. ஆனால் மலைநாட்டடிவார ஓடைகளுக்குரிய சிறு கெண்டையினங்களுக்கும் ஏஞ்சல் மீனுக்கும் மென்னீரே உகந்தது.

காரத்தன்மை உயர்வதால் வரும் கேடு இன்னொன்றுமுண்டு. சுண்ணாம்பு மிக்க மண்ணில் யூரியாவை மேலாக எறிந்துவிட்டால், அமோனியா ஆவியாக எழுந்து உரம் வீணாவதை அறிவீர்கள். தொட்டியிலும் அதே இரசாயனமே நடைபெறுகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா, நீரின் காரத்தன்மை கூடக்கூட மீனுக்குக் கொடிய நஞ்சாக மாறுகிறது. எனவே ஒரு சிப்பி நேரே கொல்லாவிடினும், கொல்வதற்கு வழி செய்துவிடலாம்.

கல் சுண்ணாம்புக்கல்லா அன்றா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கல்லின் ஓரிடத்தைக் கத்தியாற் சுரண்டிச் சிறிது தூளாக்கி, அத்தூளின்மேல் வினாகிரியையோ எலுமிச்சம்புளியையோ சில துளிகள் விடுங்கள். நுரை எழுந்தால் அது சுண்ணாம்புக்கல், அதனை விலக்குக. நுரை எழாத கருங்கல்லும், ஆற்றில் உருண்டு வழுவழுப்பான வெண்படிகக் கூழாங்கல்லும் தொட்டிக்கு ஏற்றவை. ஆனால் துருநிறமுள்ள கல்லையும், உலோகம்போல் மினுங்கும் கீறல்களுள்ள கல்லையும் எடுக்க வேண்டாம். முருகைக்கல்லைப் பொறுத்தவரை வேறொன்றும் கூறவேண்டும். கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வது இந்நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அது மீனுக்கும் ஆகாது, கரையோரத்திற்கும் ஆகாது.

உலோகங்களைப் பற்றி மிகவும் எச்சரிக்கையாயிருங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு முதலியவற்றின் வெளிறல் நோய்க்குப் போடோக் கலவை தெளித்த பழக்கம் உங்களுட் பலருக்கு இருக்கும். அதிலுள்ள செப்புச்சல்பேற்றுப் பூஞ்சணத்தைக் கொல்வதுபோலவே மீனையும் கொல்லும். செப்புக்கம்பி, செப்பு நாணயம், பித்தளைச் சிலை ஆகியவற்றிலிருந்து நீரிற் கசியும் செம்பு மிகச் சிறிதளவாயினும் மீனின் பூக்களைக் கெடுக்கும். மென்னீரில் இதன் கொடுமை இன்னும் அதிகம். நத்தையும் இறாலும் மீனிலும் முந்தி இறக்கும். வேலிக்குப் பயன்படும் நாகமுலாம் பூசிய கம்பியும் அத்தகையதே. செடிகள் மிதவாதிருக்க அடியில் ஈயத்தகடு சுற்றி விற்பதுண்டு. அதை நீக்கிவிட்டு ஒரு சிறு கூழாங்கல்லைப் பருத்தி நூலாற் கட்டிவிடுங்கள். வேர் ஊன்றுவதற்குள் நூல் உக்கிப் போனாலும் கவலையில்லை.

சாயமும் மினுக்கமும் அடுத்தவை. சந்தையில் விற்கும் நிறக்கற்களையும் பொம்மைகளையும் வாங்குமுன் நகத்தாற் சுரண்டிப் பாருங்கள். சாயம் உரிந்து வந்தால் அது நீரிலும் உரியும். வீட்டிலுள்ள உடைந்த பீங்கானின் மினுக்கப்பூச்சில் ஈயம் கலந்திருக்கவும் கூடும். மீன்தொட்டிக்கென்று செய்யப்பட்டதல்லாத மினுக்கப் பொருளைத் தவிர்த்தலே நன்று. அதற்கு மாறாக, மினுக்கம் பூசாத மண்சட்டி நம் வீடுகளிலேயே உண்டு. விளிம்பு உடைந்த சட்டியைப் பக்கவாட்டிற் கிடத்தினால் மீனுக்கு ஒரு குகை ஆயிற்று. உடைந்த விளிம்பைக் கருங்கல்லில் உரைஞ்சி மழுக்கிவிடல் வேண்டும். உப்போ எண்ணெயோ ஊறிய சட்டி ஆகாது. கூரை ஓட்டுத் துண்டும் அவ்வாறே பயன்படும்; சாந்து ஒட்டிய செங்கல்லும் அஸ்பெஸ்டஸ் தகடும் ஆகா.

சீமெந்துத் தொட்டியைப் பற்றியும், சீமெந்தால் வார்த்த குகை, பாலம் முதலியவற்றைப் பற்றியும் ஒரு சொல். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிவதால் அதற்குள் உடனே மீன் விடலாகாது. தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஒரு கிழமை அழுகவிட்டு, நீரை இறைத்து, தேய்த்துக் கழுவுக. பின்னர் நல்ல நீர் விட்டு நாலைந்து நாட்களுக்கொருமுறை மாற்றி, மொத்தமாக மூன்று கிழமையாவது பழகவிடுக. சீமெந்து அலங்காரங்களையும் அதே தொட்டியிற் போட்டு ஒன்றாகவே பதப்படுத்தலாம்.

மரத்துண்டுகளை இட விரும்புவோர் நன்கு உலர்ந்து, பட்டை நீங்கி, உக்காதிருக்கும் வைரமான மரத்தையே தெரிதல் வேண்டும். காய்ந்த கொய்யாக் கிளை இதற்குத் தகுந்தது. அலரி, எருக்கு, கள்ளி போன்ற நச்சுப் பாலும் சாறுமுள்ளவற்றைத் தொடவே வேண்டாம். வேம்பின் சாற்றைப் பூச்சிக்குத் தெளிக்கும் நாம் அம்மரத்தைத் தொட்டியிலிடுவது பொருந்தாது. கறையானுக்கு மருந்து பூசிய பலகையும் பிசின் வடியும் மரமும் அவ்வாறே விலக்கத்தக்கன. தெரிந்த கிளையைக் கொதிநீர் ஊற்றி, வாளியில் அமிழ்த்தி, நீர் தேயிலைச்சாயம் போலாவது குறையும்வரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். சிறிது சாயம் எஞ்சினாற் கேடில்லை. சிரட்டையையும் தும்பையும் இவ்வாறே அவித்து ஊறவைத்துப் பயன்படுத்தலாம். அவித்த தும்புக் கட்டு தங்கமீன் முட்டையிடுவதற்கு உகந்தது. அலங்காரமும் பயனும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கற்களை மட்டும் அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். உள்ளே ஈரமிருந்தால் அவை வெடித்துக் கண்ணையும் முகத்தையும் காயப்படுத்தக்கூடும். கொதிநீரை மேலே ஊற்றித் தேய்த்தாற் போதும். எதையும் சவர்க்காரமிட்டுக் கழுவலாகாது.

இரண்டாவது, கீறுவதும் சிக்கவைப்பதும். கப்பியின் வாலும் தங்கமீனின் செட்டையும் மெல்லிய துணிபோன்றவை. பிளாஸ்டிக் செடியின் முனைகள் விறைப்பாயிருந்தால் அவற்றைக் கிழித்துவிடும்; கிழிந்த இடத்திற் பூஞ்சணம் பற்றும். பிளாஸ்டிக் செடியைப் புறங்கையில் அழுத்தித் தடவிப் பாருங்கள். உங்கள் தோலுக்கு உறுத்துவது மீனைக் கிழிக்கும். துளைகளைப் பொறுத்தவரை ஒரு விதியை நினைவிற் கொள்ளுக: துளையொன்று மீனின் தலையே நுழையாத அளவு சிறியதாக இருக்கவேண்டும், அல்லது மிகப்பெரிய மீனும் உள்ளே சென்று திரும்பிவரத்தக்க அளவு பெரியதாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டது பொறியாகும். மீன் வளரும் என்பதையும் மறவாதீர்கள்.

அடியிலிடும் மணலிலும் இதே கவனம் வேண்டும். தங்கமீன் அடிமணலை வாயிலெடுத்து இரை தேடித் துப்பும் பழக்கமுடையது. பரல் அரிசிமணியளவு சிறியதாயின் துப்பிவிடும். வாயிற் கொள்ளாத பெரிதாயின் எடுக்காது. நடுத்தரமானதே தொண்டையிற் சிக்குவது. கடல்மணலிற் சிப்பித்தூள் கலந்திருப்பதால் ஆற்றுமணலே நன்று. அரிசி களைவதுபோற் கழுநீர் தெளியும்வரை அதனைக் கழுவுதல் வேண்டும். இரண்டங்குலத்துக்கு மேற் பரப்ப வேண்டாம். நீர் தேங்கி நின்ற வயற்சேற்றைக் கிளறும்போது கரிய நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் எழுவதைக் கண்டிருப்பீர்கள். காற்றுப் புகாத அடிச்சேற்றில் உண்டாகும் ஐதரசன்சல்பைட்டே அதற்குக் காரணம். மணல் தடித்தால் தொட்டியின் அடியிலும் அவ்வாறே நிகழும்.

பெருங்கற்களை மணலின்மேல் வையாது தொட்டியின் அடியிலேயே அசையாமல் நிறுத்தி, அதன் பின்னரே மணலைப் பரப்புங்கள். மீன் மணலைத் தோண்டினாலும் கல் சரியாது, கண்ணாடி உடையாது. கண்ணாடிக்கும் கல்லுக்குமிடையே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு இருப்பது நன்று. கல்லை மிகுதியாகக் குவிக்கவும் வேண்டாம். பத்துக் கிலோக் கல் ஏறக்குறைய நான்கு லீற்றர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்கு வேண்டியது நீரேயன்றி மலையன்று.

மூன்றாவது கேள்வி கமக்காரராகிய உங்களுக்கே சிறப்பாக உரியது. இப்பொருள் முன்னர் எங்கே கிடந்தது? வயல்வரம்பிற் கிடந்த அழகான கல்லும், தோட்டத்து வாய்க்காலிற் கிடந்த வேரும், மருந்து தெளித்த நீரைக் குடித்தவையாக இருக்கக்கூடும். இன்று பூச்சிகளுக்குத் தெளிக்கும் மருந்துகளுட் பல, குறிப்பாகப் பைரெத்திரொயிட்டு வகை மருந்துகள், மனிதருக்கு ஓரளவு தீங்கு குறைந்தனவாயினும் மீனுக்கு மிகக் கொடியவை. ஆகவே தெளிப்பு நடைபெறும் இடத்திலிருந்து எதையும் தொட்டிக்குக் கொண்டுவரலாகாது. மருந்துப் போத்தலையும் கலனையும் எத்தனைமுறை கழுவினாலும் மீன்தொட்டி வேலைக்கு எடுக்கவே கூடாது. தெளிகருவி பிடித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல நீரால் அலசிய பின்னரன்றித் தொட்டிக்குள் விடலாகாது. தொட்டிக்கென்று ஒரு வாளியை ஒதுக்கி அதனை வேறெதற்கும் பயன்படுத்தாதிருங்கள்.

ஐயமுள்ள பொருளைச் சோதிக்க ஒரு வழி சொல்லுகிறேன். விதைநெல்லை முளைதிறன் பாராமல் விதைப்பவர் உண்டோ? புதிய இனத்தைப் பயிரிடும்போது பக்கத்திலே பழைய இனத்துக்கும் ஒரு பாத்தி விட்டு ஒப்பிடுவதில்லையா? அதுபோலச் சுத்தமான வாளிகள் இரண்டை எடுத்து, ஒரே கிணற்று நீரை இரண்டிலும் விடுங்கள். ஒன்றினுள் அப்பொருளை அமிழ்த்துங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் நிழலில் ஒரு கிழமை வைத்து நிறம், மணம், மேலே படியும் எண்ணெய்ப்படை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். காரகாட்டித்தாள் கிடைத்தால் அதையும் தோய்த்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் பொருளை எறிந்துவிடுக. தெரியாவிடின் வாளிக்கு இரண்டு கப்பி வீதம் விட்டு இரண்டு நாள் கவனியுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, இரை தொடாதிருந்தாலோ உடனே எடுத்து நல்ல நீரில் விடுங்கள். பொருளுள்ள வாளியில் மட்டும் இவ்வாறாயின் குற்றம் பொருளினுடையது. இரு வாளியிலும் இவ்வாறாயின் நீரையே ஆராய வேண்டும். இந்த ஒன்பது நாட் பொறுமை ஒரு தொட்டி மீனைக் காப்பாற்றும்.

இறுதியாக, உயிருள்ள அலங்காரம். தொட்டிக்கு நீர்ச்செடியைப் போன்ற அழகு வேறில்லை. மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை உரமாக உண்டு, பகலிலே பிராணவாயுவைத் தந்து, குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் அளிப்பது அதுவே. கிரிப்டோகொரைன் என்னும் நீர்ச்செடியில் இலங்கைக்கே உரிய இனங்கள் பல உண்டு. அவை உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. ஆனால் அவற்றை மழைக்காட்டு ஓடைகளிற் பிடுங்குவது தகாது. பண்ணையிற் பெருக்கியவற்றையே வாங்குங்கள். வாங்கிய செடியைப் பொற்றாசியம்பரமங்கனேற்று இளஞ்சிவப்பாகக் கரைத்த நீரிற் பத்து நிமிடம் தோய்த்து, நன்றாக அலசி நட்டால் நோயும் பூச்சியும் பெரிதும் குறையும்.

செடி பெருகும், பெருகியதை நறுக்கி எறிய நேரும். அதை எங்கே எறிகிறீர்கள் என்பதே நான்காவது கேள்வி. ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் கூறப்படும் செடி அதன் பூவழகுக்காகவே பல நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. இலங்கையில் அது பரவியமையால் 1909 ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுப்பதற்கென ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939 ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்த சல்வீனியாவும் குளங்களையும் வாய்க்கால்களையும் வயல்களையும் மூடியது. அதனை உண்ணும் வண்டினத்தை 1986 ஆம் ஆண்டில் விடுவிக்க வேண்டியதாயிற்று. நத்தையும் அவ்வாறே. தென்னமெரிக்காவிலிருந்து உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட பொன்னிற நத்தை 1980களிலிருந்து பிலிப்பைன்சிலும் தென்கிழக்காசிய நாடுகள் பிறவற்றிலும் இளநாற்றைத் தின்று நெல்வயல்களை அழித்து வருகிறது. ஆகவே தொட்டியிற் கழித்த செடியையும் நத்தையையும் வேண்டாத மீனையும் வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூட்டெருக் குழியில் இடுங்கள். தொட்டி கழுவிய நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள். அது நல்ல பசளை நீர்.

மேலும் விளக்கம் வேண்டுவோர், 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர்களை அணுகலாம்.

நண்பர்களே, நல்ல தொட்டிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கழுவிய ஆற்றுமணல், நுரையாத கருங்கல் இரண்டு, மழுக்கிய மண்சட்டி ஒன்று, ஊறவைத்த கொய்யாக் கிளை ஒன்று, வேரூன்றிய செடி நாலைந்து ஆகியவை போதும். இவற்றுட் பல உங்கள் வளவிலேயே உள்ளன. இன்று மாலை தொட்டிக்கருகிற் சென்று உள்ளே கிடக்கும் ஒவ்வொன்றையும் நோக்குங்கள். இன்னதென்று உறுதியாகக் கூறமுடியாத பொருள் ஏதேனும் இருந்தால், அதை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.